முதல் அழுத்தம்

எங்கள் துறையில் இரவல் தரும் கேமரா, ஒரு நிமிடம் தொடாமலிருந்தால் உறங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் திரை ஒளிரும். ஆனால் அந்த அழுத்தம் அதை எழுப்புவதற்கு மட்டுமே செலவாகும். படம் வேண்டுமென்றால் மறுபடி அழுத்த வேண்டும். இதை நான் தாமதமாக அறிந்தேன்.

ஆய்வேட்டுக்காக ஒரு நோட்டைப் படமெடுக்கப் போயிருந்தேன். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வீட்டுக்காரரின் தந்தை கல்யாணங்களில் பாடுவதற்கென்று எழுதிய பாட்டுகள் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை. துபாயில் வேலை செய்யும் வீட்டுக்காரர் அன்றிரவு விமானத்தில் திரும்பவிருந்தார். நோட்டை அங்கிருக்கும் தன் அண்ணனிடம் கொடுத்துவிடப்போகிறார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு காலை.

உள்ளறையில் குழந்தை உறங்கியது. "அந்த டிக் டிக் சத்தம் வேணாம் தங்கச்சி. முழிச்சுதுன்னா நீங்கதான் தூக்கி வச்சுக்கணும்" என்றார் அவர் மனைவி. கேமராவின் ஒலியை நிறுத்தினேன்.

மேசைமீது ஸ்டாண்டில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்திப் பக்கங்களைப் புரட்டினேன். சிலவற்றை எடுக்குமுன் நின்று படித்தேன். மாப்பிள்ளையின் அக்காவைக் கேலி செய்யும் ஒரு பாட்டில், எதுகைக்காக மணப்பாறை முறுக்கு வந்திருந்தது.

"படிக்க வந்தீங்களா, படம் எடுக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் அக்கா."

படித்து முடித்து அழுத்துவேன். திரையில் பக்கம் தெரியும். எடுத்த படத்தைக் கேமரா இரண்டு நொடி காட்டும். விழித்தவுடன் எதிரே இருப்பதையும் அப்படியே காட்டும். அசையாத தாளில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ஸ்ரீரங்கத்தில் என் அறைக்கு வந்து மடிக்கணினியில் எண்ணினேன். நாற்பத்துமூன்று பக்கங்களுக்கு முப்பத்தாறு படங்கள். விடுபட்ட ஏழும் நான் நின்று படித்தவை.

நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. மூன்று வரி எழுதினேன். நான்காவது வரி என்னுடையதாக இருந்தது. அதை அழித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பெட்டியைக் கட்டியாச்சேம்மா" என்ற அக்கா, உள்ளே திரும்பிக் கேட்டார்: "ஏங்க, அந்தப் பிள்ளைக்கு ஏழு பக்கம் விட்டுப்போச்சாம்." பதில் எனக்குக் கேட்கவில்லை. "சீக்கிரம் வாங்க. ஏழு மணிக்குக் கார் வந்துரும்."

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரை தாண்டியிருந்தது. கூடத்தில் பெட்டி குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, பெயர் எழுதி, எடை பார்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கத்திரி தரவா?" என்றார் அக்கா.

"வெட்டிட்டா திரும்ப எதை வச்சுக் கட்டுறது?"

தவறு என்னுடையது என்றேன். படித்துக்கொண்டு நின்றதால் வந்தது என்பதையும் சொன்னேன்.

"நின்னு படிச்ச பக்கம்தான் விட்டுப்போச்சா?" அவர் சிரித்தார். "பாட்டு எழுதின எங்க அத்தா இருந்திருந்தா இதை ஊர் பூரா சொல்லிருப்பாரு."

சட்டைகளுக்கு நடுவிலிருந்து நோட்டு வந்தது. குழந்தை விழித்திருந்ததால் ஒலியை இயக்கினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் பொத்தானைப் பாதி அழுத்தி, கேமரா விழித்திருப்பதை உறுதி செய்துகொண்டு எடுத்தேன். எதையும் படிக்கவில்லை. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒலிகளை எண்ணினார்.

"ஆறு... ஏழு. போதுமா?"

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஏழு படங்களையும் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு, போதும் என்றேன். நோட்டு பழைய இடத்துக்குப் போனது. பெட்டி மட்டும் மூட மறுத்தது.

"மூடி மேல கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார் அவர், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.

உட்கார்ந்தேன்.