பிடிச்ச காடை

எங்கேயாவது ஒரு கூண்டைக் கண்டால் போதும், யார் வைத்தது என்று விசாரிக்காமல் தனேஸ்வரி நகரமாட்டார். காடை, வாத்து வேட்டைக்காரர்களின் லைசென்ஸைப் பார்ப்பதும், களவாகக் கண்ணி வைப்பவர்களைத் தேடிப் பிடிப்பதும் அவருடைய அரசாங்க உத்தியோகம். கிரான்பர்னில் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த உத்தியோகம் அவரை விட்டு இறங்காது. பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி, தன் கூரைக்குள் கூத்தடித்த பொசம் என்ற ஆஸ்திரேலிய மரவிலங்கைக் கூண்டில் பிடித்து, தொலைவில் விடக் காரில் ஏற்றினார். தனேஸ்வரி காரை மறித்துச் சட்டம் சொல்லி, பிடித்த வீட்டு வளவிலேயே விட வைத்தார். பொசம் திரும்பவும் கூரையில் குடியேறிவிட்டது. ஆரோக்கியசாமி இன்றுவரை அவருக்கு முகம் கொடுப்பதில்லை.

இப்பேர்ப்பட்டவர்தான் மகள் சயந்தினிக்குச் சம்பந்தம் பேச மல்கிரேவில் உள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கிரண், சயந்தினி தானே விரும்பியவன். அவனைப் பெற்ற சேகரும் கிரிஜாவும் தமிழ்நாட்டுக்காரர்கள்.

"அம்மா, இண்டைக்கு வேலைக் கதை வேண்டாம், ப்ளீஸ்," என்று மகள் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

மேசைக்குக் காடை வறுவல் வந்தது. அது அக்டோபர் மாதம், காடை வேட்டைக்குத் தடையுள்ள காலம்.

"பிடிச்ச காடைங்க. நல்லா சாப்பிடுங்க," என்றார் சேகர்.

தனேஸ்வரியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிடிப்பது என்றால் ஆசைப்படுவதும்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு அவர் வீட்டு இலங்கைத் தமிழில் விருப்பம் என்றுதான் சொல்வார்கள். அந்த இன்னொரு பொருளை உத்தியோகம் மறக்கடித்திருந்தது.

"எப்ப பிடிச்சது?"

"சின்ன வயசுலேயே பிடிச்சிடுச்சு. கிரணுக்கும் அப்படித்தான்."

"பிள்ளையையும் பழக்கி வைச்சிருக்கிறியளோ?"

"நாங்க எங்க பழக்கினோம்? அவனுக்கு ரத்தத்துலேயே ஊறினது."

"லைசென்ஸ் இருக்கோ?"

சேகர் சிரித்தார். "பிடிக்கிறதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

தனேஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மன்னிக்கோணும். இதை நான் ரிப்போர்ட் பண்ணத்தான் வேணும்."

கிரிஜா கரண்டியும் கையுமாக விழித்தார். முதலில் விளங்கிக்கொண்டவள் சயந்தினிதான்.

"ஐயோ அம்மா, அவை சொல்லுறது விருப்பம் எண்டு. காடை கடையில வாங்கினது."

கிரிஜா ஓடிப்போய்க் கடைப் பெட்டியை எடுத்து வந்தார். இவ்வளவு ஆன பிறகும் தனேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பி வாசித்த பிறகே உட்கார்ந்தார். சேகருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அது கிடக்கட்டும். எங்க பையனைப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லுங்க."

"நல்ல விருப்பம்," என்றார் தனேஸ்வரி, மிகக் கவனமாக.

சம்பந்தம் முடிவாயிற்று. திரும்பும் வழியில் சயந்தினி கேட்டாள்.

"அம்மா, உண்மையா ரிப்போர்ட் பண்ணியிருப்பீங்களோ?"

"ஓம்," என்றார் தனேஸ்வரி. கொஞ்ச தூரம் போன பிறகு, "பண்ணிப்போட்டு, உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் அழுதிருப்பன்," என்றார்.