கொக்கும் மாட்டு டாக்டரும்

என் தங்கை பாலே நடனக் குழுவில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதில் சாப்பிடும்போதுகூட ஒற்றைக் காலில்தான் நிற்பாள் என்பதால் அப்பா அவளைக் கொக்கு என்றார். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

நானும் அவளும் நாடக அரங்கத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். ஆடுவதற்குப் புது ஷூ வந்தால் அதன் கெட்டியான முனையை இளக்க மாடிப்படியில் மடேர் மடேரென்று அடிப்பாள். கீழ்வீட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு பழகிப்போய், சத்தம் கேட்காவிட்டால், "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அவள் காதலித்தது ஒரு மாட்டு டாக்டரை. ரயிலில் அரை நாள் தள்ளி, பண்ணைகள் சூழ்ந்த ஊரில் அவருக்கு வேலை. விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "கால்நடை டாக்டரா? சரிதான், உன் காலுக்கும் ஆச்சு, நடைக்கும் ஆச்சு" என்றார்.

விடுமுறை நாளில் அவள் ரயிலேறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். முதன்முறையாக முதன்மை வேடம் கிடைத்த வருடம், அந்த நாளையும் ஒத்திகை விழுங்கியது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த டாக்டர், பெட்டி படுக்கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பண்ணை வேலையை விட்டுவிட்டு, இங்கே நாய் பூனைகளுக்கான மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. சாயங்காலம் கொக்கு ஐஸ் வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோலுரிந்த விரல்களுக்கு டாக்டர்தான் கட்டுப் போடுவார்.

"இன்னிக்கு ஒரு பூனைக்கு மனசு சரியில்லையாம். வீட்டுக்காரம்மா மாத்திரை கேட்டாங்க."

"குடுத்தீங்களா?"

"பூனையை விடுங்க, நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வாங்கன்னேன்."

அவள் சிரிக்கிற சிரிப்பில் வாளித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தும். துடைப்பது நான்.

ஒரு நாள் மூவரும் கடைத்தெருவுக்குப் போனபோது, சிக்னலில் மாடு ஏற்றிய லாரி நின்றது. டாக்டர் விடுவிடுவென்று போய்க் கம்பிக்குள் கைவிட்டு, ஒரு பசுவின் நெற்றியைத் தடவி ஏதோ பேசினார். லாரி போன பிறகும் அங்கேயே நின்றார். கொக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "நீங்க திரும்பிப் போயிடுங்க."

"என்கூட வந்துடுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"கேக்கலையே. அதான் தாங்க முடியல."

அந்த வார இறுதியில் அவர் போனார். அன்று மாலை அவள் ஆடினாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் எழ முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். கொஞ்ச நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமானதை அவரே கூப்பிட்டுச் சொன்னார். "நல்லா இருங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாள். வருத்தம் இல்லையா என்று போன வாரம் கேட்டேன்.

"அவர் போனதுக்கு இருக்குக்கா. அனுப்பினதுக்கு இல்ல."

எனக்கு இரண்டுக்கும் இருக்கிறது.