புடலங்காய்க்குக் கட்டிய கல்

எங்கள் வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குத் தோட்டம் என்று பேர் வைத்திருந்தார் அப்பா. அகலம் இரண்டடி. நேராக நடந்தால் தோள் உரசும். நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகவேண்டும். செங்கல்பட்டில், ரயில்வே லைனை ஒட்டி, அந்த அளவுக்காவது மண் கிடைத்ததே பெரிய விஷயம் என்பது அவர் கட்சி.

"கீழ எடமில்லன்னா இன்னா, மேல கீது இல்ல," என்று நான்கு சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி, மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து நைலான் கயிறுகளைத் தொங்கவிட்டார். ஆடியில் புடலை விதை ஊன்றினார். அதே வாரம் குவைத்துக்கு விமானம் ஏறினார். கிளம்பும்போது என்னிடம், "மொத காய போன்ல காட்டு கண்ணு. பாத்தவுடனே லீவு சொல்லிட்டு வந்து நின்னுடுவேன்," என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பெரியவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வது அது. நான் அதை எழுதி வாங்கின பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

அம்மா மறைமலைநகரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு நான் பூட்டைத் திறந்தால், அவள் ரயில் இறங்கி வர ஏழரை ஆகும். அதுவரை வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக்கூடாது என்பது அம்மா உத்தரவு. ஒருத்தரும் வந்து தட்டியதில்லை என்பதுதான் என் வருத்தம். அதனால் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வகுப்பில் நடந்ததையெல்லாம் கொடியிடம் சொல்லுவேன். அது பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

புரட்டாசியில் ஒரே ஒரு பிஞ்சு நின்றது. புடலை கோணிக்கொள்ளாமல் நேராக இறங்க நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். கட்டினேன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை; எனக்காக வீட்டில் விட்டுப்போன பழைய போனில் ஐந்து மணிக்குக் கூப்பிடுவார். அந்த வெள்ளிக்குள் காய் என் கை நீளத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பேராசை. சின்னக் காயைப் பார்த்து யார் லீவு போடுவார்கள்? புதன்கிழமை கல்லை மாற்றினேன். புதிய கல், காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மா முட்டுக்கொடுத்து வைத்திருந்த கருங்கல்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் காய் தரையில் கிடக்கிறது. அழுதேன். தேற்ற ஆள் இல்லாததால் நானே நிறுத்திக்கொண்டேன். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பச்சை நூலை எடுத்து, அறுந்த காம்பைக் கொடியோடு சேர்த்து வைத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றிக் கட்டினேன்.

மறுநாள் அப்பா கூப்பிட்டபோது காய் கொஞ்சம் துவண்டிருந்தது. போனில் அவர் முகம். பின்னால் எப்போதும்போல் பச்சைப் பூப்போட்ட திரை, மேலே அதைப் பிடித்திருக்கும் இரண்டு துணிக் கிளிப்புகள். அது அவருடைய தனி ரூமின் ஜன்னல் என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்.

"கிட்ட காட்டு," என்றார். காம்பு வரைக்கும் காட்டினேன். அவர் போனுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

"சோக்கா கீது கண்ணு. கல்லு கட்னியா?"

"கட்னேன்."

"பெருசா?"

"இல்ல, சின்னதுதான்."

"சரி, அறுத்து அம்மாவாண்ட குடு. பொரியல் பண்ணச் சொல்லு."

"எப்ப வர நைனா?"

"வரேன், வரேன். வேல கொஞ்சம் ஜாஸ்தியா கீது."

அவர் வரவில்லை. நூலைப் பார்த்துவிட்டார், நான் சொன்ன பொய்க்குத்தான் இந்தத் தண்டனை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கொடி அதற்கப்புறம் ஏழெட்டுக் காய் காய்த்தது. ஒன்றையும் நான் போனில் காட்டவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு தோள்பையோடு அப்பா வந்து சேர்ந்தார். அப்போதும் நான் கேட்கவில்லை. என்னால்தான் தாமதம் என்று அவர் வாயால் கேட்க எனக்குப் பயம்.

போன வருஷம் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன். போர்த்திக்கொள்ள அம்மா பரணிலிருந்து ஒரு பெட்ஷீட்டை இறக்கினாள். பச்சைப் பூப்போட்டது.

"இது நைனா ரூம் ஜன்னல்ல இருந்த கர்ட்டன் இல்ல?"

"ஜன்னலாம் ஏது? ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. ரெண்டே மாசத்துல கம்பெனிய மூடிட்டான். பாஸ்போர்ட்டயும் குடுக்கல, வேற வேலயும் இல்ல. நீ பாத்துடப் போறன்னு பின்னால இத மாட்டிக்கினு பேசுவாரு."

என் நூலைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கிளிப்புகளை நானும்தான் வாராவாரம் பார்த்தேன். குவைத்தில் ஜன்னல் திரையைக் கிளிப் போட்டுத்தான் மாட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.