மொட்டைமாடியில் அடைகாத்த ஆள்காட்டி

சன்னல் இல்லாத பெட்டிக்குள் ஏறி இறங்கியே காலம் தள்ளியவர் லிஃப்ட்காரர். அவருக்குப் போய்ப் பறவை பார்க்கிற பைத்தியம் எப்படித்தான் பிடித்ததோ! கண்கொட்டாமல் மரத்தையே பார்த்து நிற்பார். பெண்டாட்டியின் தம்பிக்கு அவரைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"ஏன் அத்தான், எங்க அக்கா மூஞ்சிய என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?"

"உங்க அக்காவுக்கு றெக்கை இருந்தா பார்த்திருப்பேன்டா."

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கும் குழுவோடு போவார். தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லாரிடமும் முழங்கை நீளத்துக்குக் கேமரா. இவரிடம் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்த பைனாகுலர். யாரோ காட்டியதைக் கடைசி ஆளாக எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தான் கண்டுபிடித்ததைப் பார்க்க நாலு பேர் வரவேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

அந்த ஆசையில்தான் டாக்டரிடம் வாயை விட்டார். ஆபீஸ் மொட்டைமாடியில் கொட்டிக்கிடந்த சரளைக்கல்லுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. கூடு கிடையாது, கல்லோடு கல்லாக நாலு முட்டை. வெயில் ஏறும்முன் வந்து, தண்ணீர்த் தொட்டி மறைவிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடுவதாகப் பேச்சு.

டாக்டரும் குழுவும் வந்து சேர்ந்தபோது கல் கொதித்தது. தாய்ப்பறவை எழும்பி, தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. அது வந்து உட்காரும் படம் வேண்டுமென்று இவர்கள் தொட்டியை விட்டு முன்னால் போய்க் கேமராவை நட்டார்கள். இவர்கள் போனால்தான் அது உட்காரும். அது உட்கார்ந்தால்தான் இவர்கள் போவார்கள். நடுவில் முட்டை வெந்துகொண்டிருந்தது.

"ஐயா, போதும். வாங்க, கீழ போயிடலாம்."

"அஞ்சே நிமிஷம்ப்பா. வந்துடும்."

"வராதுங்க ஐயா. நாம நின்னா வராது. வெயிலப் பாருங்க."

"சும்மா இரு, நீ பேசித்தான் அது பயப்படுது."

சத்தம் போட்டால் இனி தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று லிஃப்ட்காரர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார், பாவி மனுஷன். பறவையின் தொண்டை கம்மிப்போனது. அதற்குமேல் தாளாமல் ஓடிப்போய் டாக்டருடைய கேமராவின் முக்காலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

"கூப்பிட்டதே நீதானேய்யா?" என்றார் டாக்டர்.

இவர் எல்லாரையும் லிஃப்டில் ஏற்றி, தானே பொத்தானை அமுக்கிக் கீழே கொண்டுபோய் விட்டார். ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து மாடிக்கதவின் இடுக்கில் கண்ணை வைத்தார். சூட்டைத் தணிக்க எங்கோ தண்ணீரில் நனைத்துவந்த வயிறோடு அது முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் கும்பிட்டார்.

பொரிக்கவேண்டிய காலம் வந்தது, போனது. ஏரிக்கரை ஆள்காட்டிகளெல்லாம் குஞ்சுகளோடு ஓடித் திரிந்தன. மாடியில் மட்டும் அது எழுந்திருக்கவில்லை. வெயிலில் அலகைப் பிளந்துகொண்டு, சிறகைத் தளர்த்தி நிழல் கொடுத்துக்கொண்டு, அப்படியே இருந்தது. குழுவில் யாரும் விசாரிக்கவுமில்லை. இவர் வேலைக்கு நடுவே மாடிக்கு ஓடி ஓடி இடுக்கில் பார்ப்பார்.

"எழுந்து போயேன் தாயி" என்று கெஞ்சுவார். "இனிமே ஒண்ணும் இல்ல. எழுந்து போயிடேன்."

அது முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும்.