வெள்ளைச் சேட்

குவைத்தில் எவனோ ஒரு முதலாளி மகனின் ஊத்தைக் காலுறைகளைப் பொறுக்கிப் பொறுக்கியே பரீனாவுக்கு இடுப்பு ஒடிந்தது. ஐந்து வயதில் தங்கையிடம் விட்டுப்போன தன் மகன் அஷ்பாக், அவள் சொந்த ஊரான குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பி வந்தபோது மீசை அரும்பி நின்றான். குவைத்துக்காரனுக்கு இவன் கொஞ்சமும் சளைத்தவனில்லை. ஈரத் துவாய் கட்டிலில் கிடக்கும். சோறு காய்ந்த பீங்கான் கட்டிலுக்கடியில் இருக்கும். ஒரு காலின் சப்பாத்து குசினி வாசலில் என்றால் மற்றக் காலினது எங்கே என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"இது அறையா, ஆட்டுப்பட்டியா?" என்று ஏசிக்கொண்டே அவள் பொறுக்குவாள். ஏசுவதற்குத் தன் பிள்ளையே கிடைத்துவிட்டானே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இன்று காலை அஷ்பாக் பள்ளிக்கூடத்துக்குப் போடும் வெள்ளைச் சேட்டைக் காணவில்லை. உடுப்புக் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தான். பிறகு அறை நடுவில் நின்று, வீடு அதிரக் கத்தினான்.

"சாச்சி! என்ட சேட் எங்க?"

அவனை வளர்த்த சாச்சி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். அவளுக்கு அது கேட்டிருக்காது. அப்போதுதான் அயன் பண்ணிய சேட்டைச் சூடு ஆறாமல் ஏந்திக்கொண்டு அறை வாசலில் நின்ற பரீனாவுக்குக் கேட்டது.