ஆடாத மூன்றாவது கேம்

எங்கள் அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறது. பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும், பித்தளைக்கு மேல் பூசிய பூச்சுதான். ஒரு பக்கத்துக் கைப்பிடி எப்போதோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதைக் காட்டி, "எங்க தங்கச்சி டேபிள் டென்னிஸ் சாம்பியன்லா" என்பான். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், நான் ஊரறிந்த வாயாடி. அந்தக் கோப்பையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அதுதான் காரணம்.

எழுபதுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். என் வயதுப் பெண்களெல்லாம் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன பெண் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடி உட்கார்ந்து அந்த வாரக் கதையைப் பேசுவார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், "நீ படிக்கவல்லா, ஒனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலோ டவுன் பிள்ளைகள் நாலு மணிக்கு மணியடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் பஸ் ஆறரைக்கு. நாலிலிருந்து ஆறரை வரை இந்த உலகத்தில் என்னைத் தேட ஒரு ஆள் கிடையாது.

அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் டேபிள் டென்னிஸ் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்கிக் கொடுத்திருந்தார். விளையாட்டு டீச்சருக்கு வளையப்பந்தும் கோகோவும்தான் தெரியும். மேசை ஸ்டோர் ரூமில் கிடந்து தூசி தின்றது. நானும் என்னோடு படித்த ஒருத்தியும் டீச்சரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி ஆடத் தொடங்கினோம். ஒரு வருஷம் ஆடினோம். பிறகு அவள் பெரிய மனுஷி ஆனாள், வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மட்டை இரண்டு இருந்தது, ஆள் நான் மட்டும்தான் மிச்சம்.

மேசை நடுவில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை அப்படியே வைத்துவிட்டு மறுபாதியைச் சுவரோரம் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தேன். பந்தை அடித்தால் நிமிர்ந்து நிற்கிற பலகையில் பட்டுத் திரும்பி வரும். திரும்ப அடிக்கலாம். தினமும் அப்படித்தான் ஆடினேன். பந்து நெளிந்துபோனால் ஆயாம்மா டீக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பேன், அது புடைத்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும். முந்நூறு, நானூறு என்று விடாமல் எண்ணி அடிப்பேன். எனக்கு நானே எதிராளி. என்னைப்போல் ஆடக்கூடியவர் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று வேறு எனக்கு நினைப்பு.

மாசி மாதம் எங்கள் டவுனிலேயே தென் மாவட்ட ஜூனியர் போட்டி நடந்தது. டீச்சர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் பருத்தி எடுப்பு, யாராலும் வர முடியவில்லை. அண்ணனை மட்டும் துணைக்கு அனுப்பினார்கள். அவன் ஹாலுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் வெளியே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பையன்கள் பிரிவில் நாற்பது பேருக்குக் குறையாது. மதுரை, விருதுநகர், சிவகாசியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மேசை உயரத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்த ஒரு இடக்கைப் பையன் தன்னைவிட இரண்டு மடங்கு வளர்ந்தவர்களையெல்லாம் ஓட ஓட விரட்டினான். "இவன் ஸ்டேட்டுக்கு ஆடுவான் பாரும்" என்று ஹாலே பேசிக்கொண்டிருந்தது. பெண்கள் பிரிவு அங்கே உப்புக்குச் சப்பாணிதான். தாளில் ஆறு பெயர், வந்தது இரண்டு பேர். முதல் சுற்றில் எனக்கு வாக்ஓவர், அதாவது எதிராளி வராததால் நான் ஜெயித்ததாகக் கணக்கு. அடுத்த சுற்றிலும் அதேதான். மட்டையை உறையிலிருந்து எடுக்காமலே நான் ஃபைனலுக்கு வந்துவிட்டேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த இன்னொருத்தி மணியாச்சியிலிருந்து அவள் அப்பாவோடு வந்திருந்தாள். அவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். ஃபைனல் மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஆனால் பரிசு கொடுக்க வேண்டிய சீஃப் கெஸ்ட் வந்து சேரவில்லை. அவர் ஊரில் பெரிய மனிதர். அவர் இல்லாமல் ஃபைனலைத் தொடங்கினால் மரியாதைக் குறைவு என்று எங்கள் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். "அவிய வரத்தன்னியும் யாரும் தொடப்பிடாது" என்று கமிட்டிக்காரர் ஒருவர் காவலுக்கு வேறு நின்றார். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் போல இடம்விட்டு, உட்கார்ந்திருந்தோம்.

அவள்தான் முதலில் நகர்ந்து வந்தாள். வருகிற வழியில் கடம்பூர் ஸ்டேஷனில் வாங்கிய போளியை எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

"நீ யார்கூட ஆடுவ?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. பாதி போர்ட நிமித்தி வச்சு நானே ஆடுவேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நான் அப்பாகூட வேல பாக்குற மாமாமாரோட ஆடுவேன். அவியளுக்கு டூட்டின்னா அன்னைக்கு ஆட்டம் கெடையாது. எங்க காலனில நம்ம வயசுப் பிள்ளைய ஒருத்தர் கெடையாது. ரயில் வரும், போகும், அவ்வளவுதான்."

மணியாச்சி எங்கேயோ இல்லை, கோவில்பட்டியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் என்னைப்போல ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு மூணு கேமும் ஆடணும், என்ன?" என்றாள் அவள். மூன்றில் இரண்டை ஜெயித்தவருக்குக் கோப்பை. ஒருத்தியே முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டால் மூன்றாவது கேம் கிடையாது. நான் ஒருவருடைய பந்துக்கு எதிரே நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கும் கோப்பை ஞாபகமே வரவில்லை. மூன்று கேமும் ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டும்.

மணி ஐந்தாகப் போகும்போது அம்பயர், அவர் ஒரு பேங்க்காரர், பொறுமை இழந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். முதல் சர்வீஸ் எனக்கு வந்தது.

முதல் கேமில் என் லட்சணம் சந்தி சிரித்தது. இருபத்தொன்றுக்கு ஆறு. பந்து வருவதற்கு முன்பே என் மட்டை போய்விட்டது. பலகையில் பட்ட பந்து உடனே திரும்பிவிடும், நானும் அந்த வேகத்துக்கே பழகிப்போயிருந்தேன். மனுஷி அடிக்கிற பந்து மேசையின் முழு நீளத்தையும் தாண்டி வர வேண்டும் என்பதே என் கைக்கு மறந்துவிட்டது. காற்றில் வீசி வீசி நின்றேன். முன்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பக்கம் மாறும்போது அவள் என்னைக் கடந்து போனாள். தலையைக் குனிந்தபடி, "அவசரப்படாத. பந்து ஒங்கிட்ட வரட்டும். அது வரும்" என்றாள்.

இரண்டாவது கேமில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் ஐந்தாறு பந்து தட்டுத்தடுமாறி எடுத்தேன். பிறகு வந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன், பந்து கிளம்புவதைப் பார்த்தேன், அது வந்து எழும்புவதைப் பார்த்தேன், அப்புறம் அடித்தேன். நான் நினைக்காத இடத்துக்கு அது திரும்பி வந்தது. பலகை ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. ஏமாறுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பந்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து சத்தம்போட்டுச் சிரித்துவிட்டோம். அம்பயர் முறைத்தார்.

ஆனாலும் அவள்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இருபதுக்குப் பதினேழு. இன்னும் ஒரே புள்ளி, எல்லாம் முடிந்துவிடும். அவள் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அடுத்து என்னுடைய மூன்று சர்வீஸ்களையும் அவள் வெளியே அடித்தாள். இருபதுக்கு இருபது. அவள் சர்வீஸ் வந்தது, அதை வலையில் போட்டாள். கடைசிப் பந்தும் மேசையைத் தாண்டிப் போய்விட்டது. இருபத்திரண்டுக்கு இருபது, நான் ஜெயித்துவிட்டேன். மூன்றாவது கேம் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே கார் ஹாரன் கேட்டது. சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவருக்கு மாலை, பொன்னாடை. கமிட்டிக்காரர் ஒருவர் வரவேற்றுப் பேசினார். அவர் சில பெயர்களை விட்டுவிட்டார் என்று இன்னொருவர் வந்து அவற்றையும் சொன்னார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு சீஃப் கெஸ்ட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். தனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தொடங்கினார். தெரியாத விஷயத்தைப் பற்றி ஒரு மனிதர் அவ்வளவு நேரம் பேச முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இளைஞர்கள் காலத்தின் அருமையை உணர வேண்டும் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் அப்பா அம்பயரிடம் போனார். "அண்ணாச்சி, எனக்கு எட்டு மணிக்கு டூட்டி. இந்தப் பாசஞ்சர விட்டா போக வழியில்ல. நாங்க கெளம்புதோம்."

"ஒரே ஒரு கேம்தானய்யா, பத்து நிமிசம்."

"அந்தப் பத்து நிமிசத்தத்தான அவிய பேசித் தீத்துட்டாவ" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "ஏம்மா, ஜெயிச்சு முடிச்சிருக்கலாம்லா. அந்த சர்வீஸ ஏன் வலைல கொண்டு போட்ட?" என்று கேட்டார்.

பந்து அவள் கையில் இருந்தது. மேசையைச் சுற்றி வந்து அதை என் உள்ளங்கையில் வைத்தாள். "மூணாவதுல மொத சர்வீஸ் ஒனக்குத்தான்" என்றாள். பிறகு மெதுவாக, "இன்னொரு கேம் ஆடலாம்னுதான் விட்டேன்" என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். 'இன்னைக்கு எங்க வீட்ல தங்கட்டும், நாளைக்கு அனுப்பிவைக்கோம்' என்று நான் சொல்லியிருக்கலாம். வாயாடி வாயாடி என்று பெயரெடுத்து என்ன புண்ணியம்? வேண்டிய நேரத்தில் வாய் எழும்பவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை.

"பந்தக் குடும்மா, அடுத்தாப்புல பசங்க ஃபைனல் இருக்கு" என்று அம்பயர் கை நீட்டினார். கொடுத்தேன். எனக்கு இன்னொரு வாக்ஓவர் என்று தாளில் எழுதிக்கொண்டார்.

பையன்கள் ஆட்டம் முடிந்ததும் பரிசு கொடுத்தார்கள். அந்த இடக்கைப் பையனுக்கு ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எனக்கும் தட்டினார்கள். சீஃப் கெஸ்ட் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டாவது வந்த பிள்ள எங்க?" என்று சுற்றும்முற்றும் பார்த்தார். போட்டோக்காரர் என்னைத் தனியாக நிற்க வைத்து எடுத்தார்.

டீக்கடையிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். கோப்பையைப் பிடுங்கிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், அதில் தன் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஏட்டி, நீதான ஜெயிச்ச? பொறவு எதுக்கு அழுவுத?"

எதற்கு அழுகிறேன் என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்நேரம் பாசஞ்சரில் குமாரபுரம் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பாள்.