தேன் தடவிய ஆப்பிள்

என் மகளுக்கு ஆப்பிள் கறுத்திருந்தால் ஆகாது. காலையில் நறுக்கி டப்பாவில் போட்டு அனுப்பினால், சாயந்திரம் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அதனால் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தேனைக் கலக்கி, துண்டுகளை முக்கியெடுத்து அனுப்புகிறேன். மதியம் வரை வெள்ளையாகவே இருக்கின்றன. இப்படிக் காற்றுபட்டுக் கெடாமல் காக்கிறதை ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று இன்றைக்கு எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். காசிமேட்டில் எங்கள் தெருவுக்கு அந்த வார்த்தையைக் கொண்டுவந்தவர் என் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. திருவொற்றியூரில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ரேடியோவை ரிப்பேர் செய்வதாகச் சொல்லிக் கெடுத்துக்கொண்டிருந்தார். விம்கோ நகரில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரோ, தொழில் இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அம்மா அந்தக் கவலையிலேயே பாதியாகிப் போனாள். அப்போதுதான் மாமா எங்கேயோ தேனீ வளர்ப்பு வகுப்புக்குப் போய்விட்டு, தேன் பாட்டில்கள், மகரந்தப் பொடி, தேனீக்கள் கூட்டின் ஓட்டையை அடைக்கிற பழுப்புப் பிசின் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டத்தைப் பார்த்து வீட்டு வாசலில் ஸ்டூலைப் போடுவார். ஓர் ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் தேன் தண்ணீரைத் தடவுவார். பிறகு பேச ஆரம்பிப்பார். மற்ற பாதி கறுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசுவதற்கு அவரிடம் எப்போதும் விஷயம் இருந்தது.

"காத்து பட்டா இரும்பு துரு புடிக்குது, ஆப்பிள் கறுத்துப் பூடுது. நம்ம ஒடம்பும் உள்ளாற அப்டித்தான் துரு புடிச்சிகினு கீது. தேன் ஆன்டி ஆக்ஸிடன்ட்டு, அத்த வெளிய தள்ளிடும்."

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. வித்தை முடிந்ததும் ஆப்பிள் எங்களுக்குத்தான் என்பதால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளைப் பாதி அம்மாவுக்கு, கறுத்த பாதி எனக்கு. அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் வீடு முழுக்க வீசிய தேன் வாசனை, மீன் வாசனையையே கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருந்தது.

துருவைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் தகுதியான ஆள் ஒருவர்தான். என் அப்பா. நான் நைனா என்று கூப்பிடுவேன். கரையில் ஏற்றி நிறுத்திய இரும்புப் படகுகளைச் சுத்தியலால் தட்டித் துருவை உதிர்ப்பது அவருடைய வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூடச் செங்கல் நிறத்தில் இருக்கும். ராத்திரியெல்லாம் இருமுவார். மாமா எத்தனை முறை தேனை நீட்டினாலும், மூணு கோட்டு பெயின்ட்டுக்கே அடங்காத துரு உன் ஒரு ஸ்பூனுக்கா அடங்கப்போகிறது என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் பாதியும் கறுத்த பாதியும் ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, நான்கைந்து பேர் பாட்டிலைக் கையில் எடுத்தே விட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து நைனா இருமினார். விட்டு விட்டு, நிற்காமல் இருமினார். எதிர் வீட்டு மீன்காரம்மா கூடையை இடுப்பில் இடுக்கியபடி மாமாவைக் கேட்டாள்.

"இன்னா தம்பி, மொதல்ல உன் அக்கா புருசனுக்கு ஊத்தக்கூடாதா இத்த?"

தெருவே சிரித்தது. எடுத்த பாட்டில்கள் திரும்ப ஸ்டூலுக்கு வந்தன. மாமா ஆப்பிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே போய் அடுப்பு பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நைனா அவளைப் பார்த்தார். 

மறுநாள் காலையில் அவரே ஸ்பூனைக் கழுவிக்கொண்டு வந்து, "ஊத்து மச்சான்" என்றார்.

அந்த வாரமே வீட்டில் இருமல் குறைந்தது. பிறகு நின்றேபோனது. மீன்காரம்மாதான் முதலில் வந்து பாட்டில் வாங்கினாள். மாமா பேச்சில் இப்போது ஆப்பிளோடு நைனாவும் சேர்ந்துகொண்டார். பெண் வீட்டார் வந்து தாம்பூலம் மாற்றினார்கள். அம்மா மறுபடியும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மீன் கழுவினாள். மாமாவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனாவுக்கு மட்டும் திடீரென்று வீட்டுக்குள் புழுக்கம் பிடிக்காமல் போனது. ராத்திரி சாப்பிட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு, கடலோரம் கொட்டியிருக்கும் கற்கள் பக்கம் படுக்கப் போனார். தெருவில் பாதி ஆண்கள் அங்கேதான் படுப்பார்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். மற்றவர்கள் எழுந்து போயிருந்தார்கள். நைனா மட்டும், அலை மோதுகிற கடைசிக் கல்லில் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகிற வரைக்கும் அவர் இருமுவது எனக்குக் கேட்கவே இல்லை.

எனக்கு மாமா சொன்னது ஞாபகம் வந்தது.

"நைனா, துரு வெளிய வருதா?"

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆமா கண்ணு. வந்துகினு கீது. அம்மாகிட்ட சொல்லாத, முழுசா போவட்டும்."

டீயை வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். நானும் ஒட்டி உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய கரை இருக்க, அலைச் சத்தம் அதிகமான அந்த ஒரு கல்லை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷத்துத் துரு, சீக்கிரம் போகட்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அவர் இன்னும் நன்றாக இரும வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.